காருக்கு 50 வாட் ரேடியோ வேண்டுமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஜிஎம்ஆர்எஸ் வழிகாட்டி

நீண்ட வார இறுதி வந்தால் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து டெத் வேலிக்கோ யோசமிட்டிக்கோ கிளம்புவது இங்குள்ள தமிழர்களிடையே வழக்கமாகிவிட்டது. நெடுஞ்சாலை வரை வாட்ஸ்அப் குழு கைகொடுக்கும். மலைப்பாதை தொடங்கியதும் செல்போன் சிக்னல் போய்விடும். பின்னால் வரும் கார் பஞ்சர் ஆகி நின்றாலும் முன்னால் போகிறவருக்குத் தெரியாது. குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை அலட்சியமாக விடக்கூடாது.

இதற்கான வழி, காரில் பொருத்தும் ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ. குடும்பத்தினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள அமெரிக்க அரசு உரிமம் தரும் ரேடியோ சேவையின் பெயர் அது. இதைப் பற்றிய விவரங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பாதி அரசாங்க மொழி, மீதி விற்பனையாளர்களின் மொழி. நான் அலைந்து சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். அதற்கு முன் ஒன்று: வாட்டுக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள், ஆன்டெனாவுக்குச் செலவழியுங்கள். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

1. எந்தச் சேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைகளில் ஜோடியாகப் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் சிறிய வாக்கி-டாக்கிகள் எஃப்ஆர்எஸ் (குடும்ப ரேடியோ சேவை) வகை. உரிமம் தேவையில்லை. ஆனால் 2 வாட்டைத் தாண்டக்கூடாது, ஆன்டெனாவைக் கழற்றி வேறு மாட்டவும் கூடாது. உறையின் மேல் 35 மைல் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மரமும் மேடும் உள்ள இடத்தில் ஒரு மைல் கிடைத்தாலே பெரிது.

லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்தும் சிபி ரேடியோவுக்கும் உரிமம் வேண்டாம். அது வழக்கமான ஏஎம் முறையில் 4 வாட்டோடு நின்றுவிடும், ஆன்டெனாவும் நீளமாக இருக்கும். அமெச்சூர் ரேடியோவில் அதிகத் திறன் உண்டு. ஆனால் 35 கேள்விகள் கொண்ட தேர்வில் 26 சரியாக எழுத வேண்டும், அதையும் காரில் பேசப்போகும் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஆர்வம் இருந்தால் பிறகு எழுதுங்கள், நல்ல பொழுதுபோக்கு.

ஜிஎம்ஆர்எஸ்ஸுக்குத் தேர்வு கிடையாது. கார் ரேடியோவில் 50 வாட் வரை அனுமதி. ஒருவர் உரிமம் எடுத்தால் குடும்பம் முழுவதும் பேசலாம். குடும்பப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

2. யார் உரிமம் எடுக்கலாம்?

18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கப்படுவதில்லை. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் தாராளமாக எடுக்கலாம்.

இந்த உரிமத்தின் கீழ் பேசக்கூடிய உறவுகளின் பட்டியல் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அளவுக்கு நீளமானது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, அவர்களைப் போன்ற மற்றவர்கள், உடன்பிறந்தோரின் பிள்ளைகள், சம்பந்தி வழி உறவுகள். எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லாத ஹெச்-4 மனைவி, கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் மாமனார், பத்து வயதுப் பையன் எல்லோரும் உங்கள் உரிமத்தில் பேசலாம். அவர்கள் பேசுவதற்குப் பொறுப்பு உங்களுடையது.

நண்பர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. பயணத்துக்கு ஐந்து குடும்பங்கள் வந்தால் ஐந்து உரிமங்கள் வேண்டும். "ஒருவர் எடுத்தால் குழுவுக்கே போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு.

3. விண்ணப்பம்: ஆவணம், கட்டணம், காலம்

உரிமம் தருவது எஃப்சிசி என்று எல்லோரும் அழைக்கும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம். எல்லாம் இணையத்திலேயே முடியும். கையில் இருக்க வேண்டியவை எஸ்எஸ்என், அமெரிக்க முகவரி, மின்னஞ்சல், கட்டணத்துக்கு ஒரு வங்கி அட்டை. பாஸ்போர்ட் நகல், விசா நகல் எதுவும் கேட்க மாட்டார்கள்.

முதலில் எஃப்சிசியின் கோர்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி எஃப்ஆர்என் என்ற பத்து இலக்கப் பதிவு எண்ணைப் பெறுங்கள். அது உடனே கிடைக்கும். பிறகு யூஎல்எஸ் என்ற உரிமத் தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு நுழைந்து, புதிய உரிமம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேவைகளின் நீண்ட பட்டியலில் 'இசட்ஏ' என்று தொடங்குவதுதான் ஜிஎம்ஆர்எஸ். பட்டியலின் கடைசிப் பக்கம் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள்.

புதியவர்கள் இடறும் இடங்கள் மூன்று. கட்டண விலக்கு உண்டா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று போடுங்கள். விதிவிலக்குக் கோருகிறீர்களா என்பதற்கும் இல்லைதான். மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் வெளிநாட்டு அரசா, அதன் பிரதிநிதியா என்று கேட்பார்கள். இந்தியக் குடிமகன் என்பதால் ஆம் என்று போட்டுவிடாதீர்கள். தூதரகத்தில் வேலை செய்பவரைத்தான் அந்தக் கேள்வி குறிக்கிறது, உங்கள் பாஸ்போர்ட்டை அல்ல. குற்றத் தண்டனை பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கட்டணம் 35 டாலர், உரிமம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பித்த 10 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். பணம் கட்டும் பக்கம் கோர்ஸ் தளத்தில் தனியாக இருப்பதால், விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். பணம் சேர்ந்த சில நாட்களில் மின்னஞ்சல் வரும். தபாலில் எதுவும் வராது. உரிமத்தை நீங்களே பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ள வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது விண்ணப்பித்துவிடுங்கள். வாஷிங்டனில் அரசு முடக்கம் நடக்கும் காலங்களில் இந்த வேலையும் நின்றுபோகும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளித்து, இதே விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கூடுதல் பணம் வாங்குகின்றன. முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்குரிய 'டாட் கவ்' இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, நீங்கள் கொடுக்கும் அஞ்சல் முகவரி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் தபால் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம்.

4. வாட் கணக்கு: 50 உண்மையிலேயே வேண்டுமா?

ஜிஎம்ஆர்எஸ் அலைகள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இவை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் ரேடியோவின் அடிவானம் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். அதே உயரத்தில் இன்னொரு கார் இருந்தால் இருவருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர், அதாவது 7 மைல். இது எந்தத் தடையும் இல்லாத சமவெளிக் கணக்கு. மலை வளைவுகளில் ஒன்றிரண்டு மைலாகச் சுருங்கிவிடும். மலைக்குப் பின்னால் நிற்பவருக்கு விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் வெளிச்சம் தெரியாது.

20 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போவது காகிதத்தில் இரண்டரை மடங்கு. அளவையில் அது வெறும் 4 டெசிபல். கேட்பவருக்கு இரைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடர்ந்த காட்டுக்குள்ளோ, ரிப்பீட்டரின் (பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) எல்லையோரத்திலோ அந்த 4 டெசிபல் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வைப்பது அதைவிட அதிகம் தரும். அது நீங்கள் பேசுவதை மட்டுமல்ல, கேட்பதையும் சேர்த்து உயர்த்தும். வாட் பேச்சை மட்டும்தான் உயர்த்தும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. உங்களிடம் 50 வாட், நண்பரின் கையில் 2 வாட் எஃப்ஆர்எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் பதில் சொல்வது உங்களுக்கு வந்து சேராது. அவர் பதிலளிக்கவில்லை என்று நீங்கள் பதறுவீர்கள். குழுவில் ஒருவரிடம் மட்டும் பெரிய ரேடியோ இருப்பதைவிட எல்லோரிடமும் 20 வாட் இருப்பது நல்லது.

5. ரேடியோவைத் தேர்ந்தெடுத்தல்

நூறு டாலரை ஒட்டிய விலையில் ரேடியோடிட்டி டிபி20-ஜி, ரெட்டிவிஸ் ஆர்ஏ25 ஆகியவை கிடைக்கின்றன. இரண்டும் 20 வாட், உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஏனிடோன் ஏடி-779யூவியும் இதே அச்சில் வார்த்ததுதான். பெயர் வேறாக இருந்தாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றே என்பதால், எது மலிவோ அதை வாங்குங்கள். முதல் ரேடியோவாக என் பரிந்துரை இந்த வகைதான்.

கொஞ்சம் அதிகம் கொடுத்தால் மிட்லாண்ட் எம்எக்ஸ்டி275 கிடைக்கும். 15 வாட்தான், ஆனால் எல்லாப் பொத்தான்களும் திரையும் மைக்கிலேயே இருக்கின்றன. ரேடியோப் பெட்டியை இருக்கைக்கு அடியில் மறைத்துவிடலாம். டாஷ்போர்டில் இடமே இல்லாத புதிய கார்களுக்கும், ரேடியோவைக் கணினியில் இணைத்து அமைப்பது என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கும் இது ஏற்றது. 50 வாட்தான் வேண்டும் என்றால் மிட்லாண்ட் எம்எக்ஸ்டி500, மைக்கிலேயே கட்டுப்பாடு உள்ள எம்எக்ஸ்டி575, வௌக்ஸன் கேஜி-1000ஜி ஆகியவை பெயர் பெற்றவை. இவை 400 டாலர் வட்டாரத்துக்குப் போய்விடும். பிடெக் நிறுவனத்தின் 50 வாட் மாடல் அவற்றைவிட மலிவு.

வாங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, எஃப்சிசி சான்று. பின்பக்க முத்திரையில் உள்ள எஃப்சிசி எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடினால், எந்த விதிப் பிரிவில் சான்று பெற்றது என்று காட்டும். '95இ' என்று இருக்க வேண்டும். 60 வாட் என்று பெரிதாக விளம்பரம் செய்யும் பல மலிவு ரேடியோக்களுக்கு அந்தச் சான்று இருக்காது. அவற்றை ஜிஎம்ஆர்எஸ்ஸில் பயன்படுத்துவது விதிமீறல். இரண்டு, அகல அலைவரிசை வசதி. மிட்லாண்டின் பழைய சில மாடல்கள் குறுகிய அலைவரிசையில் மட்டுமே பேசும்; மற்றவர்களுக்கு உங்கள் குரல் சன்னமாகக் கேட்கும். மூன்று, ரிப்பீட்டர் சேனல்களும், அனுப்ப ஒரு டோன், கேட்க ஒரு டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) என்று தனித்தனியாக வைக்கும் வசதியும் உள்ளதா என்பது.

பெட்டியில் 'பிரைவசி கோட்' என்று எழுதியிருப்பதும் இந்த டோன்தான், அது அந்தரங்கம் தராது. மற்றவர்கள் பேசுவது உங்கள் ஒலிபெருக்கியில் வராமல் அது தடுக்கும்; நீங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம். ஹோட்டல் அறை எண், வங்கி விவரம் எதையும் ரேடியோவில் சொல்லாதீர்கள்.

6. ஆன்டெனா: பணமும் கவனமும் போக வேண்டிய இடம்

கால் அலைநீள ஆன்டெனா வெறும் ஆறு அங்குலம். கூரையின் நடுவில் இருந்தால் அந்தச் சிறிய கம்பியே அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் கீழே உள்ள இரும்புத் தகடும் ஆன்டெனாவின் ஒரு பாகம். காந்த அடி கொண்ட ஆன்டெனா 30 முதல் 50 டாலருக்குள் முடியும். லீஸ் கார், வாடகை கார் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும். ஒட்டும் முன் கூரையைத் துடையுங்கள். காந்தத்துக்கு அடியில் மணல் சிக்கினால் பெயின்ட் உரிந்துவிடும்.

காந்தம் எல்லாக் காரிலும் ஒட்டாது. டெஸ்லா மாடல் ஒய் கூரை கண்ணாடி. 2015-க்குப் பிந்தைய ஃபோர்டு எஃப்-150 அலுமினியம். ஆன்டெனாவை ஆர்டர் செய்யும் முன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தத்தை எடுத்துப் போய்க் காரில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பானட் அல்லது பின்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் வகை அடியை வாங்குங்கள். கூரைக் கம்பியில் மாட்டுவதாக இருந்தால், அடியில் தகடு தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாதான் சரி.

கிளிப் வகையில் பெரும்பாலோர் கோட்டை விடுவது ஒரு சிறிய திருகில். கிளிப்பின் உள்பக்கம் இரண்டு மூன்று குட்டித் திருகுகள் இருக்கும். அவை பெயின்டைத் துளைத்து உலோகத்தைத் தொட வேண்டும். மேலாக இறுக்கிவிட்டால் கிளிப் அசையாமல் நிற்கும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மின்தொடர்பு இருக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பிலும் மறு முனையைக் காரின் உடலில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி வந்தால்தான் வேலை முடிந்தது. வராவிட்டால் திருகைக் கழற்றி, அது தொடும் புள்ளியில் மட்டும் பெயின்டைச் சுரண்டி மீண்டும் இறுக்குங்கள். துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கேபிளின் நீளமும் கணக்கில் வரும். 17 அடி ஆர்ஜி-58 கேபிள், இந்த அலைவரிசையில் மூன்றில் ஒரு பங்கு திறனை விழுங்கிவிடும். 50 வாட் ரேடியோ வாங்கி 33 வாட்டைத்தான் ஆன்டெனாவுக்கு அனுப்புவீர்கள். மீந்த கேபிளை அழகாகச் சுருட்டி வைப்பதற்குப் பதில், தேவையான நீளத்தில் வாங்குங்கள். கதவு இடுக்கில் கொண்டுவரும்போது ரப்பர் பட்டை மெத்தென்று இருக்கும் இடமாகப் பாருங்கள். கதவு மூடும்போது நசுங்கினால் உள்ளே சேதமாகிவிடும்.

கடைசியாக எஸ்டபிள்யூஆர் அளவு பார்க்க வேண்டும், அதாவது அனுப்பும் திறனில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் எண். 1.5-க்குள் இருந்தால் நல்லது, 2-ஐத் தாண்டினால் ரேடியோவின் ஆயுள் குறையும். சிபி ரேடியோவுக்கான மீட்டர் 27 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது, 462-க்குப் பயன்படாது. ஐம்பது அறுபது டாலருக்குக் கிடைக்கும் நானோவிஎன்ஏ என்ற சிறிய சோதனைக் கருவி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

7. மின் இணைப்பு

20 வாட் ரேடியோ ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். காரின் 12 வோல்ட் சாக்கெட் அதைத் தாங்கும். டிபி20-ஜி பெட்டியிலேயே அதற்கான பிளக் வந்துவிடுகிறது. 50 வாட் ரேடியோ 10 முதல் 12 ஆம்பியர் வரை கேட்கும். அதைச் சாக்கெட்டில் செருகினால் பேசும்போதெல்லாம் பிளக் சுடும், ஒரு நாள் ஃபியூஸ் போகும். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும்; பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். ரேடியோவுக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் இடையில் ஒயர் உராய்ந்து உடலைத் தொடும்போது தீப்பிடிக்கும். புதிய கார்களில் பேட்டரியின் எதிர்முனையில் உணரி ஒன்று இருக்கும். கருப்பு ஒயரை அந்த முனையில் கட்டாமல் அருகிலுள்ள உடல் போல்ட்டில் கட்டுங்கள்.

இது தெரியாதவர்கள் கார் ஆடியோ பொருத்தும் கடையில் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. கூலி கடைக்குக் கடை மாறும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகாதீர்கள், அவை உயர் அழுத்த மின்சாரம் போகும் வழி. அவர்களுக்கு 15, 20 வாட் ரேடியோவும் சாக்கெட்டும்தான் ஏற்றவை.

இதுவரையிலான செலவைக் கூட்டினால் உரிமம் 35, ரேடியோ 100 முதல் 120, ஆன்டெனா 50. சுமார் 200 டாலரில் ஒரு கார் தயாராகிவிடும்.

8. பேசும் முறை

15 முதல் 22 வரையிலான சேனல்களில்தான் 50 வாட் அனுமதி. 1 முதல் 7 வரை 5 வாட். 8 முதல் 14 வரை அரை வாட், அதுவும் கைக்கருவிகளுக்கு மட்டும். கார் ரேடியோவில் அந்தச் சேனல்களில் பேசக்கூடாது. பயணத்துக்கு முன்பே ஒரு சேனலையும் மாற்றுச் சேனலையும் எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பேசலாம், தடையே இல்லை. ஆனால் உங்கள் அழைப்புக் குறியை (உரிமத்தில் உங்களுக்கென்று தரப்படும் அடையாளக் குறி) ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். உரையாடல் முடியும்போதும், நீண்ட பேச்சென்றால் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் சொல்ல வேண்டும். பாட்டு ஒலிபரப்புவது விதிமீறல். காரில் இளையராஜா பாடிக்கொண்டிருந்தால் மைக்கை அழுத்தும் முன் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். மைக் ஓட்டுநரின் கையில் வேண்டாம், பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசட்டும். காருக்கு வெளியே யாராவது ஆன்டெனாவை ஒட்டி நிற்கும்போது 50 வாட்டில் பேசாதீர்கள். எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும்.

மலையுச்சிகளில் ஆர்வலர்கள் வைத்திருக்கும் ரிப்பீட்டர்கள் உங்கள் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும். அவை கிடைத்தால் பத்துப் பதினைந்து மைல் என்பது சாதாரணம். மைஜிஎம்ஆர்எஸ் தளத்தில் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலானவை தனிநபர் சொத்து என்பதால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

9. எல்லை தாண்டும்போது

கனடா எல்லையை ஒட்டி 'லைன் ஏ' என்ற கோடு வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வடக்கே 19, 21 சேனல்களில் பேசக் கட்டுப்பாடு உண்டா என்று உங்கள் உரிமத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சியாட்டில், டெட்ராய்ட், பஃபலோ மூன்றும் அந்தக் கோட்டுக்கு வடக்கேதான் இருக்கின்றன. கனடாவில் 2 வாட்டுக்கு மேல் அனுமதி இல்லை. நயாகராவின் அந்தக் கரைக்குப் போனால் கார் ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக வேண்டாம். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய கைக்கருவிகள் 446 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்துக்கு உரியவை. ஜிஎம்ஆர்எஸ் என்ற சேவையே அங்கு இல்லை. தம்பிக்குப் பரிசாகக் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதல்வரை போகலாம்.

வீடு மாறினால் எஃப்சிசி கணக்கில் முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். பத்தாண்டு முடிவதற்கு 90 நாட்களுக்கு முன்பிருந்து புதுப்பிக்கலாம். தேதி தாண்டிவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அழைப்புக் குறியும் மாறிவிடும். உரிமத்தைப் பதிவிறக்கும் அன்றே அந்தத் தேதியைச் செல்போன் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.